நீ பார்க்காத குடோன்

நைனா,

நேற்று நீ போனில் பேசியபோது நடுவில் நான் பேசாமல் இருந்தேன். லைன் போய்விட்டது என்று நினைத்து நீ "ஹலோ, ஹலோ" என்றாய். லைன் போகவில்லை. வேலை போய்விட்டது, அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன் என்று நீ சொன்னதும் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கையில் போனும் ஒரு கையில் கரண்டியுமாக அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் நீ போனை வைத்துவிட்டாய் என்பதே எனக்கு உறைத்தது.

உன்னிடம் போனில் எதையும் முழுசாகப் பேச முடியாது. இரண்டு வார்த்தை சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். உன் மனைவி புவனா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். உன்னைப்போலவே மிலிட்டரியிலிருந்து வந்து, இந்த மாதிரி வெளிநாட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் ஆரம்பாக்கத்திலும் சுற்று ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும் என்று, கேட்பவர்களுக்குக் கொடுக்கவும் போகிறேன். ஆகவே உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். என் பெயரையும் உன் பெயரையும் போடவில்லை.

போன தடவை லீவில் வந்து நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். புவனா பழவேற்காட்டு இறால் வாங்கித் தொக்கு செய்திருந்தாள். நீயும் என் தம்பி தேசப்பன் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். மாமாவுக்குக் கண் போனதிலிருந்து யார் வந்தாலும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பான். தன்னால் பார்க்க முடியாததையெல்லாம் அடுத்தவர் வாயால் கேட்டு மனசுக்குள் பார்த்துக்கொள்வான். அன்றைக்கு, நீ ஆயுதக் கணக்குப் பார்க்கப் போகிற அந்தச் சண்டை நாட்டைப் பற்றி உன்னிடம் கேட்டான்.

"ஏன்டா மாப்ள, அந்த ஊர்ல ஆயுதம் வெக்கற குடோன்லாம் எப்டி கீது? நம்ம மிலிட்டரில இருக்கற மாதிரியா?"

"குடோன எங்க மாமா பாத்தேன்?" என்று நீ சிரித்தாய். "போற வழி பூரா குண்டு போட்டுக்கினு இருக்கான். அந்த ஊரு மேஜர் ஒருத்தரு நான் தங்கின ஓட்டலுக்கே வந்துட்டாரு. துப்பாக்கி நம்பர்லாம் எழுதி எட்துக்கினு வந்தாரு, போன்ல போட்டோ காமிச்சாரு. பெட்டி பெட்டியா அடுக்கி வெச்சிருந்தாங்க. ரெண்டு பேரும் டீ குடிச்சோம். கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன்."

"இன்னான்னு கையெழுத்து போட்ட?"

"நேர்ல போய் பாத்தேன், எல்லாம் சரியா கீதுன்னு. அத்தான மாமா ஃபார்ம்ல இருக்கு. எங்க கம்பெனில எல்லாரும் அப்டித்தான்."

மாமாவின் தட்டில் பாதிச் சோறு இருந்தது. சுவரைத் தொட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டான். "மாமாவுக்கு இன்னா ஆச்சு?" என்று நீ கேட்டாய். "ஒண்ணுமில்ல, இறால் தோலு தொண்டையில மாட்டியிருக்கும்" என்றேன். நீயும் நம்பினாய், அல்லது நம்புவதுபோல் இருந்தாய். மறுநாள் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டாய். நான் அப்போது சொன்ன அந்த 'ஒண்ணுமில்ல' பொய். அதைச் சரிசெய்யத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உன் அப்பா போன பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஒரு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும். என் தம்பி தேசப்பன் அங்கே ஏற்கெனவே கேஸ் கட்டிங் வேலையில் இருந்தான். வெளிநாட்டுப் பழைய இரும்பு கன்டெய்னரில் வரும். யார்டில் கொட்டியதும் பெண்கள் நாங்கள் செம்பு, அலுமினியம், ரப்பர் என்று பிரித்துப் போடுவோம். பெரிசாக இருப்பதை உன் மாமா நெருப்பு வைத்து வெட்டுவான். வெட்டியதைக் காந்தக் கிரேன் தூக்கிக்கொண்டு ஃபர்னஸுக்குப் போகும். சண்டை நடந்த நாடுகளிலிருந்தும் இரும்பு வரும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். டாங்கிச் சங்கிலி வரும், ஓட்டை விழுந்த தொப்பி வரும். வெடித்து முடிந்த காலி குண்டுகளும் வரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது பெண்கள் எல்லோரும் கேட் வரைக்கும் ஓடினோம். அப்புறம் பழகிப்போய்விட்டது. தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே தூக்கி வைப்போம். ஆபீஸ் ரூமில் ஒன்றைப் பளபளவென்று தேய்த்து, பேனா போட்டு வைத்திருந்தார்கள்.

விபத்து நடந்த காலையில், நாஷ்டா முடிந்து எல்லோரும் திரும்பி வந்த நேரம். புதிதாக வந்த ஒரு லோடைக் கொட்டியிருந்தார்கள். அதில் கிடந்த குண்டுகளில் சிலவற்றின் மூக்கு மூடியிருப்பதைத் தேசப்பன் பார்த்துவிட்டான். வெடிக்காத குண்டு அப்படித்தான் இருக்கும். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் ஆந்திராவின் தடா பக்கத்திலிருந்து வருகிறவர், நல்ல மனுஷர். அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னாலயே ஒருத்தன் செக் பண்ணி, வெடிக்கறது எதுவும் இல்லன்னு கையெழுத்து போட்டு அனுப்பிக்கீறான் தேசப்பா. பேப்பர் என்கிட்ட கீது. இருந்தாலும் அதுங்கள ஓரமாவே வை, நான் மேல சொல்றேன். நீ பைப்ப வெட்டு. ஃபர்னஸு சும்மா எரிஞ்சுக்கினு கீது."

அவரும் அந்தக் கையெழுத்தை நம்பினார், நைனா. எங்கேயோ ஒரு துறைமுகத்தில் ஒருவன் கன்டெய்னரைத் திறந்து பார்த்தான் என்று நம்பினார். நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ் ஒரு நீளமான பைப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டான். உன் மாமா இந்தப் பக்கம் நெருப்பை வைத்தான். பைப்புக்குள் ஒரு குண்டு செருகிக் கிடந்தது யாருக்கும் தெரியாது. நான் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு குவியலுக்கு மறுபக்கம் வந்துகொண்டிருந்தேன். எனக்குச் சத்தம் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. கீழே உட்கார்ந்திருந்தேன், புடவை முழுக்க ஈரமாக இருந்தது. தண்ணீர் என்று தெரிவதற்கே கொஞ்ச நேரம் ஆனது. குவியலைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பிகாஷ் இருந்த இடத்தை நான் பார்த்தேன், அதை எழுத மாட்டேன். உன் மாமா மல்லாந்து கிடந்து, "அக்கா, கரென்ட் போச்சா?" என்று கேட்டான். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நீ ஜபல்பூர் மிலிட்டரி முகாமிலிருந்து லீவு போட்டு வந்து சேர்ந்தபோது, அவனுக்கு இரண்டு கண்ணும் வராது, வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்கள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ அழுததை நான் பார்த்தேன். உன்னை ஆளாக்கியது அவன்தான். திருவள்ளூரில் மிலிட்டரி ஆள் எடுப்பு நடந்த அன்று நீ மைதானத்துக்குள் ஓடினாய், அவன் வேலிக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உன்னோடு கூடவே ஓடினான். கடைசிச் சுற்றில் நீ துவண்டபோது அவன் போட்ட சத்தத்தில் அங்கே நின்ற ஆபீசரே சிரித்துவிட்டார் என்று நீதான் பல தடவை சொல்லியிருக்கிறாய்.

பிகாஷின் அண்ணன் உடம்பை வாங்க வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. நீதான் நடுவில் நின்று பேசினாய். கடைசியில் அவர் உன்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "இன்னா கேக்கறாரு?" என்று நான் கேட்டேன். "எந்தச் சண்டையில செத்தான்னு ஊட்ல போய் சொல்றதுன்னு கேக்கறாரும்மா" என்றாய்.

மறுநாள் போலீஸும் வெடிகுண்டு நிபுணர்களும் யார்டில் தேடியபோது, நீ மிலிட்டரிக்காரன் என்பதால் உன்னையும் உள்ளே விட்டார்கள். அந்த லோடிலேயே நசுங்கிய இரும்புப் பெட்டி மூடி ஒன்று கிடைத்தது என்று வந்து சொன்னாய். அதில் எழுதியிருந்ததை எனக்குப் புரியும்படி விளக்கினாய். "ஒரு நாடு இன்னொரு நாட்டு மிலிட்டரிக்குச் சண்டைக்காக இனாமா குடுத்ததும்மா இது. அவங்க மட்டும்தான் வெச்சிருக்கணும், வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு போட்டுக்குது. ஆனா இந்த லோடு அந்த நாட்டுலேர்ந்து வரல. எவன் கைக்கோ போய், எங்கெங்கியோ சுத்தி, இங்க வந்துக்குது. யாராச்சும் ஒருத்தன் அந்த குடோனுக்குப் போய் கண்ணால பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." அப்படிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவனை நீ என்னென்னவோ திட்டினாய். அந்த வார்த்தைகளை இங்கே எழுத வேண்டாம்.

மாமா வீட்டுக்கு வந்த பிறகு மாதக்கணக்கில் நாங்கள் பட்டது பெரிய பேஜாரு. சோற்றுத் தட்டைத் தூக்கி எறிவான். கையைப் பிடித்து நடத்தினால் உதறிவிடுவான். நீ மிலிட்டரியிலிருந்து ரிடையர் ஆகி வந்து, இந்த வெளிநாட்டு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்ன அன்றைக்குத்தான் அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. சண்டை நடக்கும் நாட்டுக்கு மற்ற நாடுகள் கொடுக்கிற ஆயுதம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த இடத்திலேயே இருக்கிறதா என்று நேரில் பார்த்து எழுதுவதுதான் வேலை என்றாய். "உனக்காகத்தான் மாமா இந்த வேலைய எட்துக்கறேன்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். கடைக்குப் போனாலும் ரயில்வே கேட்டில் நின்றாலும் அவன் இதையே பேசினான். "என் அக்கா பையன் போய்ப் பாக்கறான். இனிமே அந்த மாதிரி இங்க வராது." கேட்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. அவன் சொல்லிக்கொண்டே இருப்பான்.

இப்போது யோசித்துப் பார், அன்றைக்கு அவன் ஏன் பாதிச் சோற்றில் எழுந்து போனான் என்று.

நீ வேலைக்குத் திரும்பிப் போன நாலைந்து நாளுக்கு அப்புறம் ஒரு காலையில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, அவனுக்குப் போன் போடு" என்றான். நான் மாட்டேன் என்றேன். என் மனசில் இருந்ததை அவனிடம் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன். நீ அந்தக் குடோனுக்குப் போகாமல் ஓட்டலில் டீ குடித்துக்கொண்டு இருந்தாய் என்று கேட்டபோது என் வயிறு குளிர்ந்துபோனது. அந்த ரோட்டில் குண்டு விழுகிறது, என் பிள்ளை அதில் போகவில்லை, அது போதும் என்றுதான் தோன்றியது. பிகாஷின் ஞாபகமோ என் தம்பியின் ஞாபகமோ அந்த நிமிஷத்தில் எனக்கு வரவில்லை. வராமல் போனதே என்பதுதான் பிறகு என்னைப் போட்டு வதைத்தது.

"போயிருந்தா செத்திருப்பான்டா" என்றேன்.

"அவன யாரு போவ சொன்னா?" என்றான் தேசப்பன். "உயிரு முக்கியம்தான். போவ முடியலன்னா போவ முடியலன்னு எழுதட்டும். போவாத எடத்துக்குப் போனேன்னு எதுக்கு எழுதறான்? அத நம்பி இன்னொருத்தன் எங்கியோ நெருப்ப வெப்பான் அக்கா."

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். உனக்குக் கோபம் வந்தது. அப்படி எழுதினால் கம்பெனிக்கு வேலையே இருக்காது என்றாய். பிறகு இப்படிச் சொன்னாய். "இங்க ஊருக்குள்ள தெனம் குண்டு விழுதும்மா. இந்த ஊரு மிலிட்டரிக்காரங்க அந்த ஆயுதத்த வெச்சுத்தான் அத தடுத்துக்கினு கீறாங்க. கணக்கு சரியில்லன்னு நான் எழுதி, ஆயுதம் வர்றது நின்னுபோச்சுன்னா சாவப்போறது யாரு? இங்க இருக்கற பொம்பளைங்களும் கொழந்தைங்களும்தான்." அது பொய்யில்லை. நான் பார்க்காத ஒரு ஊரில், என்னைப்போல் ஒருத்தி தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது அவள் தலைமேல் விழக்கூடியதைப் பற்றித்தான் நீ பேசினாய். அவளுக்கு நான் என்ன சொல்ல முடியும்?

ஆனாலும் ஒன்று கேட்டேன். "நீ பாக்காத பெட்டி அவங்ககிட்டதான் கீதுன்னு உனக்கு எப்டி தெரியும்? அவங்ககிட்ட போய்ச் சேராம எவன்னா வித்துட்டிருந்தா, அந்தப் பொம்பள தலையில விழறத எத வெச்சுத் தடுப்பாங்க?" நீ போனை வைத்துவிட்டாய். அதன் பிறகு வாரக்கணக்கில் "சாப்டியா", "சாப்டேன்" என்று மெசேஜ் மட்டும்தான். உன் பிள்ளையிடம் வீடியோ காலில் பேசினாய், என் பக்கம் போனைத் திருப்பினால் சிக்னல் இல்லை என்றாய். நான் சொன்னது தப்போ என்று எத்தனையோ தடவை நினைத்தேன். உன் சம்பளத்தில் கட்டுகிற மாடியில் சுவர் பாதியில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், இவன் வேலைக்கு நாமே உலை வைக்கிறோமே என்று தோன்றும்.

இப்படி இருக்கும்போதுதான் நேற்று நீ கூப்பிட்டாய். மறுபடியும் அதே மேஜர் வந்தார், அதே மாதிரி போட்டோ காட்டினார் என்றாய். குடோனுக்கு அழைத்துப் போகச் சொல்லிக் கேட்டிருக்கிறாய், ரோடு சரியில்லை என்றிருக்கிறார். பார்க்க விடவில்லை, அதனால் எதையும் உறுதி செய்ய முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். இரண்டு நாளில் உன் மேலதிகாரி கூப்பிட்டு, மரியாதையாக நன்றி சொல்லி, நீ ஊருக்குப் போகலாம் என்றிருக்கிறார். உன் இடத்துக்கு வேறு ஒருவன் வந்தான். வந்த அன்றே ஓட்டலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டான். "நான் எழுதினதால ஒரு பெட்டி கூட நிக்கலம்மா. வேஸ்ட்டு" என்றாய்.

வேஸ்ட் இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்குத் தெரியாததைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆயுதம் கொடுத்த நாட்டுக்காரர்களுக்கே தெரியாது போலிருக்கிறது. தெரிந்துகொள்ள யாருக்கும் அவசரமும் இல்லை. கொடுப்பதற்கு இருக்கிற அக்கறை, கொடுத்தது என்ன ஆனது என்று போய்ப் பார்ப்பதற்கு இல்லை. ஒருநாள் அதில் ஒன்று ஏதோ ஒரு கன்டெய்னரில் ஏறி, ஏதோ ஒரு யார்டில் கொட்டப்படலாம், கொட்டப்படாமலும் போகலாம். இந்தப் பயம் என்னோடு கடைசிவரைக்கும் இருக்கும். அதை உன்னால் எடுத்துவிட முடியாது.

சாயங்காலம் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனதைச் சொன்னேன், புது ஆள் கையெழுத்துப் போட்டதையும் மறைக்காமல் சொன்னேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். பிறகு, "மொத தடவ போட்ட கையெழுத்து இன்னா ஆச்சு?" என்று கேட்டான்.

எனக்கு அது தோன்றவே இல்லை, நைனா. இரண்டாவது தடவை நீ உண்மையை எழுதினாய். ஆனால் முதல் தடவை, நேரில் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதினாயே, அது அப்படியே இருக்கிறது. அதில் இருப்பது உன் கையெழுத்து. உன் இடத்துக்கு வந்தவனைப் பற்றி நீயும் நானும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த முதல் கையெழுத்தை மட்டும் உன்னால் சரிசெய்ய முடியும். அங்கிருந்து கிளம்புவதற்கு முன்னால், முதல் தடவையும் நான் பார்க்கவில்லை என்று எழுதி, உன் கம்பெனிக்கும் அந்த ஆயுதத்தைக் கொடுத்தவர்களுக்கும் அனுப்பிவிடு. அதனால் உன்மேல் கேஸ் வருமா, இனிமேல் எந்தக் கம்பெனியும் உன்னைச் சேர்க்காமல் போய்விடுமா என்று எனக்குத் தெரியாது. வந்தால் சேர்ந்து பார்த்துக்கொள்வோம். புவனாவிடமும் பேசிவிட்டேன். அவள் அழுதாள். பிறகு, "எழுதட்டும் அத்த, எழுதிட்டு ஊட்டுக்கு வரட்டும்" என்றாள்.

வரும் நாளை முன்னாடியே சொல். சென்ட்ரலிலிருந்து எந்த லோக்கலில் ஏறினாய் என்று புவனாவுக்கு மெசேஜ் போடு. மாமா ஸ்டேஷனுக்கு வந்து நிற்கப்போவதாகச் சொல்கிறான். கூட்டத்தில் உன்னை அவனால் கண்டுபிடிக்க முடியாது. இறங்கியதும் நீயே அவனிடம் போய், கையைப் பிடித்து, எழுதிவிட்டேன் என்று சொல்.

அம்மா